மீன் வெட்டும் கையும் திருநீறும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு வற்றாப்பளை அம்மாளாச்சியை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் பிள்ளைகள் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதுதான் எழுதுகிறேன்.

"மீன் வெட்டுற கையால எப்பிடியப்பன் திருநீறு பூசுறாய், உனக்குக் கும்பிட எங்க நேரம்?" என்று போன கிழமை கேட்டீர்கள். அது மனதை விட்டுப் போகவில்லை.

நேரம் இல்லைத்தான். சிவபுராணத்தின் 95 அடியில் பாதி வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால், மீதி மீன், மரக்கறிக் கடை வாசலில் பனி அள்ளிக்கொண்டு. இந்தக் கனடா ஸ்காபரோவில் மனைவி இரவு வேலை முடிந்து வர நான் கடைக்குப் போக வேண்டும், நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கிக்கடன். முந்தி இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் சாமி என்று நினைத்து, எல்லோரிலும் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இரவு கடை பூட்டும்போது தராசைத் துடைத்தேன். ஒன்றும் வைக்காத தட்டு 40 கிராம் காட்டியது. எத்தனை நாளாக என்று தெரியாது, ஓய்வூதியத்தில் சீவிக்கிற ஆச்சிமார் கால் கிலோ வெண்டிக்காய் வாங்குகிற தராசு அம்மா அது. ஒருவரும் கவனிக்கவில்லை, விடுங்கோ அண்ணை என்றான் கூட நிற்கிற பெடியன். எனக்கு ஐயாவின் நினைவு வந்துவிட்டது. ஒன்று என்று சொல்லாமல் "இலாபம்" என்று தொடங்கி நெல் அளப்பாரே, இல்லாதவர்கள் வந்தால் அளக்கிற கொத்தைத் தலை தட்டாமல் கும்பமாகக் கொடுப்பாரே, அவர் கோயிலில் கண் மூடி நின்றதை விட அந்தக் கைதான் எனக்கு ஞாபகம். அடுத்த நாள் தராசைத் திருத்தி, வந்தவர்களிடம் விசயத்தைச் சொல்லி ஒரு பிடி கூடப் போட்டுக் கொடுத்தேன். இப்போது தட்டில் பூச்சியம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன். என் முதல் பூசை அது.

நீங்கள் கும்பிடுகிற யோகர் சுவாமியும் எங்கள் இரணைமடுவில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர்தானே. அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார், சரி, ஆனால் தன்னிடம் வந்த குடும்பக்காரர்களை வீட்டை விடச் சொல்லவில்லை, செய்கிற வேலையைச் சிவதொண்டாகச் செய்யத்தான் சொன்னார். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புத்தண்ணீரில் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கு எரிவதைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான், மீன் வாடைக்குள் சாமி வராது என்று எப்படி நினைப்பேன்?

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலன்று திங்கள் இரவு அங்கே நடுச்சாமம் ஆகும்போது இங்கே அதே திங்கட்கிழமை பின்னேரம் இரண்டரை. கடையில் ஆட்கள் நிற்பார்கள், பரவாயில்லை. அக்காவை போன் எடுத்துக் கோயில் மணிப்பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து இங்கே ஆட்கள் வந்தால் அம்மாளின் திருநீறும் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள், போனமுறை தந்தது முடியப்போகிறது.

உங்கள் அன்பு மகன்