ஸ்டென்ட் வைத்த பிறகும் ராமிப்ரில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரடைப்புச் செய்திகள் பெரும்பாலும் 'ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. வீட்டிலும் அதே நினைப்புதான். ஓசூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் பெங்களூரு வந்து ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டு திரும்புபவர்களில் சிலர், "மூச்சு வாங்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று, மாரடைப்புக்குப் பின் இதயம் விரியாமலிருக்கத் தரப்படும் ராமிப்ரில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

அடைப்பு நீங்கினாலும், ரத்தமின்றிச் செத்த தசை மீண்டும் வளராது. அந்த இடம் தழும்பாகி மெலிகிறது. அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் மிச்சத் தசை தளர, இதயத்தின் இடது கீழறை மாதக்கணக்கில் விரிந்துகொண்டே போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது அது ஹார்ட் ஃபெயிலியர், அதாவது உடலுக்குப் போதிய ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை.

இந்த விரிவைத் தடுக்கலாம் என்று முதலில் எலிகளில் காட்டியவர்கள் பாஸ்டன் ஆய்வாளர்கள் மார்க் பெஃபரும் ஜானிஸ் பெஃபரும். மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது இதயம் விரிவது குறைந்தது, ஆயுளும் கூடியது. பிறகு மார்க் பெஃபர் தலைமையில் 2,231 நோயாளிகளிடம் நடந்த 'சேவ்' ஆய்வு 1992-ல் வெளியானது. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிலுள்ள ரத்தத்தில் வெளியேற்றும் பங்கு, 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள். மாரடைப்பு வந்த 3 முதல் 16 நாளுக்குள் கேப்டோப்ரில் தொடங்கியது. மருந்தில்லாதவர்களிடம் நூற்றுக்கு 25 ஆக இருந்த இறப்பு, மருந்து பெற்றவர்களிடம் 20 ஆகக் குறைந்தது. இவர்கள் யாருக்கும் அப்போது ஹார்ட் ஃபெயிலியர் அறிகுறி இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நன்றாக இருப்பவருக்கான மாத்திரைதான் இது. ராமிப்ரிலும் அதே வகை மருந்து.

விலை கூடிய புதிய மருந்து வேண்டுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. 2021-ல் மார்க் பெஃபரே முன்னின்று நடத்திய ஆய்வில், மாரடைப்புக்குப் பின் உடனே தொடங்கிய சக்குபிட்ரில்-வால்சார்டன் என்ற அந்தப் புதிய கூட்டு மருந்து, ராமிப்ரிலைவிடத் தெளிவாக மேலென்று நிரூபணமாகவில்லை.

ராமிப்ரிலை 1.25 அல்லது 2.5 மில்லிகிராமில் தொடங்கி, ரத்த அழுத்தம் பார்த்து நாளுக்கு 10 வரை உயர்த்துவார்கள். தொடக்க அளவிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுவது பெரிய இழப்பு. தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலும், அளவு கூட்டும்போதும் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் பயமில்லை. வறட்டு இருமல் வந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வால்சார்டன் போன்றதற்கு மாற்றித் தருவார். உதடோ முகமோ வீங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. இப்படி வீக்கம் வராதவர்கள் பின்னாளில் ராமிப்ரிலிலிருந்து சக்குபிட்ரிலுக்கு மாற நேர்ந்தால் நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம், அதுவும் இந்த வீக்கத்துக்கு அஞ்சித்தான். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடலில் நீரையும் தேக்கும்.

பம்பிங்கை அளக்கும் இதய ஸ்கேனான எக்கோவையும் ஒருமுறையோடு விடக் கூடாது. மாரடைப்பில் மரத்துப்போன தசை சில வாரங்களில் தேறலாம். அதனால்தான் 40 நாளுக்குப் பிறகு மறுபடி எடுக்கிறார்கள். அப்போதும் பம்பிங் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் ஐ.சி.டி. கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்துவது) தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

டிஸ்சார்ஜ் தாளில் பம்பிங் எத்தனை, மறு எக்கோ எந்தத் தேதி, ராமிப்ரில் எந்த அளவு வரை உயர வேண்டும் என்ற மூன்றையும் தமிழிலும் கன்னடத்திலும் கையால் எழுதியாவது தருமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதய சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.