பலூன் வண்டிக்கு இரண்டு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வெளியாகும் படங்களில், பலூன் பொருத்திய சிறு வண்டியைக் கையில் ஏந்தி நிற்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அட்டையும் பாட்டில் மூடிகளும் கொண்டு செய்த அந்த வண்டியைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் வருகிறது, கவலையும் வருகிறது. நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும் கண்முன் நிறுத்தக்கூடிய அந்தக் கருவி, கண்காட்சி மேசையில் ஒரு நிமிடம் ஓடிக் காட்டிவிட்டுப் பைக்குள் போய்விடுகிறது. வகுப்பறைக்குள் வருவதே இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியொன்றில் 24 ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதுபற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தரும்படி வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் முதல் அலகே இயக்க விதிகள்தான். 'ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு' என்பதை எங்கள் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஊதிய பலூனைக் கையிலிருந்து விட்டுவிட்டு, அது ஏன் முன்னால் பறந்தது என்று கேட்டால், "வெளிய வர்ற காத்து பின்னாடி இருக்கிற காத்தை உதைக்குது சார், அதனாலதான்" என்று அதே மாணவர்கள் சொல்கிறார்கள். எந்த ஆண்டிலும் இந்தப் பதில் தவறியதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்று சொன்ன அமெரிக்க ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. உதைத்துத் தள்ள ஏதும் இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எப்படி நகரும் என்று கேட்டதோடு, உயர்நிலைப் பள்ளிகளில் நாள்தோறும் ஊட்டப்படும் அறிவுகூட அவருக்கு இல்லை போலும் என்றும் எழுதியது. அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்றுதான், அந்தத் தவறுக்கு வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. அப்போது கோடார்ட் இறந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. படித்த பெரியவர்களையே ஏமாற்றிய ஒரு கருத்து, கரும்பலகையில் விதியை எழுதிப் போட்டுவிட்டால் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்திலிருந்து அகன்றுவிடும் என்று நாம் எப்படி நம்புகிறோம்?

எங்கள் வகுப்பில் செய்யும் ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். முதலில், பலூனின் வாய்க்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, தரையில் ஒரு பெரிய அட்டையை நிமிர்த்தி நிறுத்துகிறோம். காற்று அட்டையை உதைத்துத்தான் வண்டி ஓடுகிறது என்றால், அட்டை இருக்கும்போது வண்டி வேகமாக ஓட வேண்டும். அப்படி எந்த மாற்றமும் தெரிவதில்லை. அடுத்ததாக, அதே அட்டையை வண்டியிலேயே, வெளிவரும் காற்று முழுவதும் அதன் மீது மோதும்படி பின்புறம் ஒட்டிவிடுகிறோம். இப்போது என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர், "இன்னும் வேகமாப் போகும்" என்று கை தூக்குவார்கள். பலூனைத் திறந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. ஓரிரு விரற்கடை அசைந்தாலே அதிகம். பலூன் முழுவதும் காலியாகும் வரை வகுப்பு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். விசையும் எதிர்விசையும் இரு வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படுகின்றன என்று பாடநூல் சொல்வதன் பொருள் அந்த அமைதியில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. இழுபட்டிருக்கும் ரப்பர் காற்றைப் பின்னோக்கித் தள்ள, காற்று பலூனை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்றே வண்டியில் ஒட்டிய அட்டையைப் பின்னோக்கித் தள்ளும்போது, இரண்டும் ஒரே வண்டியின் மேல் செயல்பட்டு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இதை நான் சொல்லி அவர்கள் எழுதிக்கொள்வதற்கும், அவர்களே தமக்குள் வாதாடி இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்த ஆசிரியர் எவரும் பழைய முறைக்குத் திரும்பமாட்டார்.

வெளியிலிருந்து விசை எதுவும் தடுக்காதவரை ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற முதல் விதியையும் இந்த வண்டியே கற்பிக்கிறது. பலூன் இரண்டு மூன்று நொடிகளில் காலியாகித் துவண்டு விழுகிறது. வண்டியோ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால், "உள்ள இன்னும் கொஞ்சம் விசை மிச்சம் இருக்கு சார்" என்பார்கள். இயங்குவதற்கு ஓயாமல் ஒரு விசை வேண்டும் என்ற இந்த எண்ணம் மிகப் பழமையானது. கலிலியோ சாய்தளத்தில் பந்துகளை உருட்டி அதை அசைத்துப் பார்த்தார். நாங்கள் அதே வண்டியைக் கோணிச்சாக்கின் மேலும், சொரசொரப்பான சிமெண்ட் தரையிலும், வராந்தாவின் வழவழப்பான டைல்ஸ் மீதும் ஓடவிட்டுப் பார்க்கிறோம். சாக்கில் ஒரு முழம்கூடப் போகாத வண்டி டைல்ஸில் வராந்தாவின் கடைசி வரை போவதைப் பார்த்த ஒரு மாணவி, "ஓடுறதுக்கு விசை வேண்டாம் சார், நிக்கிறதுக்குத்தான் வேணும்" என்றாள். நிலைமம் எனப்படும் இந்த இயல்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த விடைத்தாளிலும் படித்ததில்லை.

வண்டி செய்வதே ஒரு பாடம்தான். சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள், அச்சுக்கு மூங்கில் குச்சி, அந்தக் குச்சி சுழல ஒரு குழல், இவ்வளவுதான் தேவை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டதால், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாக்களின் குழல்களைப் பயன்படுத்துகிறோம்; அவை வளையாமல் இருப்பதால் வண்டி முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. ஏறக்குறைய எல்லாக் குழுக்களின் முதல் வண்டியும் நொண்டி நொண்டிப் போய்ச் சுவரில் முட்டி நிற்கும். மூடியின் துளை நடுவில் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். ஒரு குழுவினர் மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து, இரண்டு நாண்களுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து மையத்தைக் கண்டுபிடித்தார்கள். கணக்கு வகுப்பில் படித்த அந்த வரைமுறைக்கு வாழ்க்கையில் ஒரு பயன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்ததாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவில் ஒரு பையன், மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதை வார்க்கும்போது உருவான சிறு புள்ளி சரியாக நடுவில் இருப்பதைக் காட்டினான். இருவருமே எனக்குக் கற்பித்தார்கள். பலூனை ஒருவர் ஊதியபின் இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது, சிறு பம்பு இருந்தால் நல்லது. கிழிந்த ரப்பர்த் துண்டுகளை மைதானத்தில் விட்டால் ஆடு மாடுகள் தின்றுவிடும் என்பதால் எண்ணிப் பொறுக்கிக்கொள்கிறோம்.

இரண்டாம் விதிக்கு அளவீடு வேண்டும். அளவீடு இல்லையேல் இது பொம்மைதான். எங்கள் வராந்தாவில் இரண்டடி டைல்ஸ் பதித்திருப்பதால் தரையே அளவுகோல். கைப்பேசியில் காணொளி எடுத்து, ஒவ்வொரு டைல்ஸைக் கடக்க எவ்வளவு நேரமானது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து அட்டவணை போடுகிறோம். 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஊதிய பலூனில் சுமார் 4 லிட்டர் காற்று இருக்கும். அதன் நிறை சுமார் 5 கிராம்தான். அந்த 5 கிராம் காற்று 100 கிராம் வண்டியை ஓட வைக்கிறது என்றால் அது எவ்வளவு வேகமாக வெளியேற வேண்டும் என்ற கேள்வியிலிருந்து, உந்த அழிவின்மை விதி (பின்னால் போகும் காற்றின் நிறை பெருக்கல் வேகம், முன்னால் போகும் வண்டியின் நிறை பெருக்கல் வேகத்துக்குச் சமம் என்பது) தானாகவே வந்துவிடுகிறது. பிறகு மளிகைக் கடைத் தராசில் எடைபோட்ட மணல் பொட்டலங்களை ஏற்றி, வண்டியின் நிறையை 200 கிராமாக்கினோம். விசை மாறாமல் நிறை இருமடங்கானால் முடுக்கம், அதாவது வேகம் கூடும் வீதம், சரிபாதியாக வேண்டும் என்று சூத்திரம் சொல்கிறது. எங்கள் அட்டவணையிலோ அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சூத்திரம் தவறா, அளந்தது தவறா என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒருவன், எடை கூடியதால் அச்சு குழலை அழுத்தி உராய்வும் கூடிவிட்டது, பலூன் தரும் விசையில் உராய்வைக் கழித்த மிச்சத்தைத்தான் சூத்திரத்தில் போட வேண்டும் என்றான். சமன்செய்யப்படாத விசை என்ற சொல்லைப் பல ஆண்டுகள் நான் கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். அந்த அடிக்கோடு செய்யாததை மணல் பொட்டலம் செய்தது.

இவ்வளவும் கண்காட்சியில் நடக்க வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு எங்கள் மாணவன் ஒருவன் தன் வண்டியையும், அது ஒன்பது முறை தோற்ற வரலாற்றையும் அட்டவணைகளையும் எழுதிய நோட்டையும் கொண்டு சென்றான். நடுவர்களாக வந்தவர்கள் அந்த நோட்டைப் புரட்டவில்லை. கடையில் பெட்டியாக வாங்கிப் பொருத்திய பளபளப்பான வண்டிக்குப் பரிசு போயிற்று. மறு ஆண்டு அந்த மாணவன் தன் தந்தையிடம் கேட்டு அதே கடைப் பெட்டியை வாங்கிவந்து என்னிடம் காட்டினான். பரிசு போனதைவிட அந்தப் பெட்டிதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே கல்வித்துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். இயக்க விதிகள் அலகுக்கு, 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டை அடுத்தடுத்து ஒதுக்கி, நால்வர் கொண்ட குழுக்களாக எல்லா மாணவரும் வண்டி செய்ய வழிசெய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு எனக்கு ஆகும் செலவு 20 ரூபாயைத் தாண்டியதில்லை. தடையாக இருப்பது நேரமும் தேர்வும்தான். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருந்தும், இந்த அலகிலிருந்து செய்முறையாக வருவது திருப்புத்திறன்களின் தத்துவம் (சமநிலையில் நிற்கும் கோலின் இருபுறமும் சுழற்றும் விளைவு சமம் என்பது) மட்டுமே. இரண்டாம், மூன்றாம் விதிகளை மாணவர் தம் கையால் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்வில் இல்லாததற்கு நேரம் ஒதுக்க எந்தத் தலைமையாசிரியரும் தயங்குவார். அவர்மீது எனக்குக் குறையில்லை. 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் 6 முதல் 8 வரையுள்ள அரசுப் பள்ளி வகுப்புகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுசென்றது நல்ல தொடக்கம். அதைச் சுவைத்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது மீண்டும் மனப்பாடத்தில் விழக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், மாணவர்கள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் இருந்தது. கற்பிக்கும் முறையை மாற்றியவர்கள் தேர்வையும் சேர்த்து மாற்றியதால்தான் அது முப்பது ஆண்டுகள் நடந்தது என்று நான் கருதுகிறேன். அதுபோல, ஓடிய தூரத்துக்கு மதிப்பெண் தராமல், வண்டி ஏன் நின்றது, அடுத்து என்ன மாற்றினோம் என்று மாணவர் எழுதிய குறிப்பேட்டுக்கு அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் தந்தால் போதும். கடைப் பெட்டிக்கு அங்கே வேலை இருக்காது.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த கண்காட்சிப் படத்தை வெளியிடும்போது, அந்த வண்டி முதல்முறை எங்கே நின்றது, அதற்கு என்ன செய்தாய் என்று அந்த மாணவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலைப் படத்தின் கீழ் ஒரு வரியாகச் சேர்க்கும்படி தங்கள் செய்தியாளர்களிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.