அறுந்த பெல்ட்டுக்கு முடிச்சுப் போட்டுத் திரும்பவும் கொழுவுறாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பெரியகல்லாறு ஆள். கட்டார்ல 9 வருசம் ரிகர் வேலை, அதாவது பாரமான சாமானக் கட்டித் தூக்கிற வேலை, செஞ்சிட்டு வந்து இப்ப கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில ஒரு வேர்க்‌ஷொப்ல ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுறன். நெல்லு மில்லுகளுக்கு வேண்டிய டேங்க், லொறிப் பெட்டி இப்பிடிச் சாமானெல்லாம் செய்ற இடம், கூரைக்குக் கீழ தண்டவாளத்தில ஓடுற 5 டொன் கிரேன் ஒண்டு இருக்கு. ஒருத்தரையும் மாட்டிவிடுறதுக்கு இத எழுதல்ல, அதால இடத்திட பேரும் சொல்லல்ல, ஆனா நான் போய்ப் பார்த்த மற்றப் பட்டறைகள்லயும் இதே கதைதான்.

போன மாசம் 8க்கு 4 அடித் தகடு 6 சேர்த்துத் தூக்கினம். 10 மில்லிமீற்றர் தகடு, ஒண்டு 233 கிலோ வரும், ஆறும் சேர்ந்தா 1,400 கிலோ. கிரேன் 5 டொன் தூக்கும், சாமானச் சுத்திக் கொழுக்கில மாட்டுற பெல்ட் ஒவ்வொண்டும் 2 டொன் தாங்கும், பிறகென்ன பயம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. பாரத்தில பிழை இல்ல ஐயா, தகட்டுட விளிம்பிலதான் பிழை. வெட்டின தகட்டு ஓரம் கத்தி மாதிரி, அதில பெல்ட்ட சும்மா சுத்திக் கொழுவினா தூக்கத் தூக்க அறுத்துக்கொண்டே போகும். மூலைக்கு ஒரு பழைய ரப்பர் துண்டு, இல்லாட்டி பாதியாப் பிளந்த பைப் துண்டு வச்சிருந்தாக் காணும். நான் கிரேன ஓட்டுற பட்டன் பெட்டியப் பிடிச்சிக்கொண்டு மற்றப் பக்கம் நிண்டன், மூலையப் பார்க்கல்ல, அது என்ட பிழைதான். நெஞ்சு உயரத்துக்கு வந்த நேரம் பெல்ட் டப்பெண்டு போயிட்டுது, தகடு ஆறும் சரிஞ்சி விழுந்து சீமெந்துத் தரையில நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம். அந்த இடத்தில ஒரு நிமிசத்துக்கு முதல் 19 வயசுப் பொடியன் ஒருத்தன் தகட்டக் கையால பிடிச்சித் திருப்பிக்கொண்டு நிண்டவன். வெல்டிங் செய்ற காக்கா "தம்பி, தேத்தண்ணி ஆறுதுடா" எண்டு கூப்பிட்டதால விலகிப் போனான், அவ்வளவுதான்.

முதலாளி வந்து பார்த்திட்டு "ஒண்டும் நடக்கல்லத்தானே, வேலையப் பாருங்க" எண்டார். அடுத்த கிழமை நான் போறன், அதே பெல்ட், அறுந்த இடத்தில ஒரு முடிச்சு, கொழுக்கில தொங்குது. முடிச்சுப் போட்டா அந்தப் பெல்ட்டுட பலம் பாதியும் மிஞ்சாதெண்டு கட்டார்ல முதல் நாளே சொல்லித் தந்தவங்க. நான் கத்தி எடுத்து அதத் துண்டு துண்டா வெட்டிப்போட்டன், வெட்டினாத்தான் திரும்ப ஒருத்தரும் எடுத்துக் கொழுவமாட்டாங்க. அதுக்கு எனக்குக் கிடைச்ச ஏச்ச இங்க எழுத ஏலாது.

இன்னொரு விசயம் சாய்வு. 2 டொன் சாமான ரெண்டு பெல்ட்டில நேரா தூக்கினா ஒண்டுக்கு 1 டொன். அதே பெல்ட் தரைமட்டத்தில இருந்து 60 பாகையில சரிஞ்சி நிண்டா ஒண்டுக்கு 1.15 டொன், 30 பாகைக்குப் படுத்துப்போனா ஒவ்வொரு பெல்ட்டிலயும் முழுசா 2 டொன். சாமான் அதேதான், கூடினது இழுவை மட்டும்தான். கட்டையான பெல்ட்டால நீளமான சாமானத் தூக்கிற ஆக்களுக்கு இது தெரியாது, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கவும் இல்ல. ஷெட்டுக்கு வெளியால நிக்கிற லொறில இருந்து சாமான சரிச்சி இழுக்கிறதும் இப்பிடித்தான், கிரேன் நேர மேல தூக்கத்தான் செஞ்சது, பக்கவாட்டா இழுத்தா கம்பிக்கயிறு அது சுத்துற டிரம்மிட தவாளிப்ப விட்டு ஏறும், சாமான் தரைய விட்ட உடன ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து ஆள அடிக்கும்.

எங்கட ஊருக்கெண்டு ஆபத்தும் இருக்கு. கடல் காத்து உப்பு, கயிறு வெளியால கிறீஸ் பூசி மினுங்கும், உள் இழை துருப்பிடிச்சிருக்கும், கிரேன நிப்பாட்டிட்டு துணியால பிடிச்சிப் பார்த்தா உடைஞ்ச கம்பி துணில மாட்டும், வெறுங்கையால தடவினா கை கிழியும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பக்கம் திறந்த ஷெட்டுக்குள்ள தூக்கின தகடு பாய்மரம் மாதிரித் திரும்பும், அதுக்கு ஒரு கயிறு கட்டித் தள்ளி நிண்டு பிடிக்கணுமே தவிர கிட்டப் போய்க் கை வைக்கக் கூடாது. மாரியில கூரை ஒழுகி பட்டன் பெட்டிக்குள்ள தண்ணி போனா நாம அமத்தாமலே கிரேன் ஓடினாலும் ஓடும், ஆளுக்குக் கரண்டும் அடிக்கும்.

எங்கட பட்டன் பெட்டில இருந்த எழுத்தெல்லாம் அழிஞ்சி போய் புதுப் பொடியன் ஒருத்தன் பிழையான பக்கம் அமத்திட்டான். அதுக்குப் பிறகு நான் பெயின்ட் வாங்கி மேல பீம்லயும் கீழ பெட்டிலயும் "கடல் பக்கம்", "வயல் பக்கம்" எண்டு எழுதிவிட்டன், இப்ப ஒருத்தருக்கும் குழப்பம் இல்ல. காலைல முதல் வேலையா வெறும் கொழுக்கிய மெதுவா மேல ஏத்தி லிமிட் சுவிச் தானா நிப்பாட்டுதா எண்டு பார்க்கிறன், அது வேலை செய்யல்லயெண்டா கொழுக்கிக் கட்டை மேல முட்டிக் கயிறு அறும். கொழுக்கிட நாக்கு சரியா மூடுதா, வாய் விரிஞ்சிருக்கா எண்டும் பார்ப்பன். அஞ்சு நிமிசம் போகாது.

சட்டம் இல்லாம இல்ல. 1942ம் ஆண்டு 45ம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில கிரேன 14 மாசத்துக்கு ஒருக்கா, சங்கிலி கயிறுகள 6 மாசத்துக்கு ஒருக்கா தகுதியான ஆள் சோதிக்கணும், எவ்வளவு பாரம் தூக்கலாமெண்டு எழுதியும் இருக்கணும். 2009ல தொழில் பாதுகாப்புக்கெண்டு தேசிய நிறுவனமும் சட்டம் போட்டு உண்டாக்கினாங்க. ஆனா நான் இந்த வேர்க்‌ஷொப்ல நிண்ட 4 வருசத்தில சோதிக்கிறதுக்கு ஒருத்தர் வந்து நான் காணல்ல.

தொழில் திணைக்களம் அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்துப் பட்டறைகளுக்கு ஒருக்கா வரணும், வந்து முதல்ல பெல்ட்டப் பார்க்கணும். சம்மாந்துறை, மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரிகள்ல சாமான் கட்டுறதுக்கும் கிரேன் ஓட்டுறதுக்கும் தமிழ்ல ரெண்டு மூண்டு நாள் வகுப்பு வச்சா நான் சம்பளம் இல்லாம வந்து எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக் குடுக்க ரெடி. அந்தப் பொடியன் இப்பவும் எங்களோடதான் நிக்கிறான், முதல் ஆளா அவனக் கூட்டிக்கொண்டு வருவன்.

இப்படிக்கு,
கிரேன் ஒப்பரேட்டர் ஒருவர்,
பெரியகல்லாறு.