சுவரில் ஏறிய காண்டாமிருகம்

தேன்கனிக்கோட்டை,
அக்டோபர் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கௌஹாத்தியிலிருந்து நீ அனுப்பிய நான்கு தாள்களும் கசங்காமல் வந்து சேர்ந்தன. பேரனைப் பார்க்கப் போன மனுஷன் காசிரங்காவில் போய் உட்கார்ந்து காண்டாமிருகம் வரைந்திருக்கிறாய். தர்மபுரியில் நாம் சுவர் விளம்பரம் எழுதித் திரிந்த காலத்தில் நீ போட்ட யானை எருமை மாதிரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது கை நன்றாகத் தேறிவிட்டது.

உன் படத்தைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. செப்டம்பர் 22 உலகக் காண்டாமிருக தினம். அதைச் சாக்காக வைத்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்த பள்ளிச் சுவரில் கட்டம் போட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிதாக வரைந்தோம். ஒரு பையன் கீழே ‘கண்டாமிருகம்’ என்று எழுதிவிட்டான். அவன் ஒருநாளும் கண்டிராத மிருகம்! சிரித்துக்கொண்டே கால் போட்டுத் திருத்தினேன்.

வரையும்போது கதையும் சொன்னேன். கொம்புக்காகத்தான் அதைக் கொல்கிறார்கள், அந்தக் கொம்பும் நம் நகம், முடி போலக் கெரட்டின்தான் என்றதும், “அப்போ சலூன்ல கூட்டித் தள்றதும் அதுவும் ஒண்ணா சார்?” என்றாள் ஒருத்தி. அதற்கு மேல் நான் என்ன விளக்க? 2021இல் அஸ்ஸாம் அரசு 2,479 கொம்புகளைத் தீயில் போட்டதைச் சொன்னபோது, ‘விற்றிருக்கலாமே’ என்று பாதி வகுப்பு வாதாடியது. சூடான் என்று பெயர் வைத்த காண்டாமிருகத்தின் கதைக்குத்தான் எல்லோரும் அடங்கினார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் கடைசி ஆண் அது, 2018இல் கென்யாவில் செத்துப்போனது. மிச்சம் இரண்டு பெண்கள், தாயும் மகளும்.

ஆனால் உன் காசிரங்காவில் 2022 கணக்குப்படி 2,613 இருக்கின்றன. அதையும் சொன்னேன். சாவுச் செய்தியாகவே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஜெர்மன் ஓவியர் டியூரரின் காண்டாமிருகப் படத்தை நீ பார்த்திருப்பாய். 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி லிஸ்பன் போனது. டியூரர் அதை நேரில் பார்க்கவில்லை. யாரோ எழுதிய வர்ணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்தே மரத்தில் செதுக்கி அச்சடித்தார். தோளில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் சேர்த்துவிட்டார். ஐரோப்பா அதைத்தான் தலைமுறை தலைமுறையாக நிஜம் என்று நம்பியது. அந்த மிருகமோ மறுவருஷமே போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில் கப்பலோடு மூழ்கிவிட்டது. நம் தொழிலின் பலமும் ஆபத்தும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, சுவருக்கு வருகிறேன். பஸ்ஸுக்கு நின்ற அஞ்செட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம காட்டுல இருக்குதுங்களா?” என்றார். இல்லை, அஸ்ஸாமில் என்றேன். “அப்பாடா! இது ஒண்ணுதான் பாக்கின்னு நெனச்சேன்” என்றார்.

அன்று இரவு முழுக்க அந்தப் பேச்சுதான் மண்டைக்குள் ஓடியது. ராகி கதிர் பிடிக்கும் நேரம் நெருங்குகிறது. பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கும், இவர்கள் பரணில் டார்ச்சோடு ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். எங்கோ இருக்கும் காண்டாமிருகத்துக்காக உருகுவது சுலபம், மாப்பிள்ளை. நம் ராகியைத் தின்கிற யானைக்காக உருகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சுவருக்கு யானை என்று முடிவானது. குட்டியோடு சிரிக்கிற யானை போடலாம் என்று பலரும் சொன்னார்கள். பரணில் தூங்கிப் பழகிய ஒரு பையன் வேறு மாதிரி வரைந்து வந்தான்: இருட்டு, துதிக்கையில் ராகித் தாள், பின்னால் நிழலாகக் குட்டி, ஓரத்தில் அவன் அப்பாவின் டார்ச் வெளிச்சம். யானை அழகாகத்தான் இருக்கிறது, அப்பாவும் பாவமாகத்தான் இருக்கிறார். அதையேதான் போடப்போகிறேன்.

அறுவடைக்குள் ஒருநடை வா. களியும் கீரைக் குழம்பும் வீட்டில் தயாராக இருக்கும். உன் மூலப் படத்தில் பின்தொடை மடிப்பு எங்கே முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை, பிள்ளைகள் ஒரு மடிப்பு அதிகம் போட்டுவிட்டார்கள் என்று சந்தேகம். வந்து நீயே சரி செய்துவிட்டுப் போ. பெயிண்ட் மீதி இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி