32 இன்ச் டிவி கணினித் திரை ஆகுமா? கடலோர மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் காலம் வந்தால் ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு யோசனை அடிபடத் தொடங்கிவிடும். "மானிட்டருக்கு எதற்குத் தனிக் காசு? அதே விலைக்கு 32 இன்ச் டிவியே வருகிறது. லேப்டாப்பைச் செருகினால் முடிந்தது வேலை." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் என்பது சும்மா கிடைக்கிற பணம் இல்லை. அதைப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம்.

திரையின் இன்ச் அளவை மட்டும் கேட்டு வாங்குவது, வலையின் நீளத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணி அளவைக் கேட்காமல் வருவது மாதிரி. விலை குறைந்த 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை 'எச்டி ரெடி' வகை. குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. அந்தத் திரையின் அகலம் சுமார் 71 செ.மீ. ஆக ஒரு செ.மீ.க்கு 19 புள்ளிதான் வரும். 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் 53 செ.மீ. அகலத்துக்குள் 1920 புள்ளி, அதாவது செ.மீ.க்கு 36. டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மேசையில் வைத்து இரண்டடியில் படிக்கும்போதுதான் தெரியும். 'க்' எழுத்தின் மேற்புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ண முடியாது. ஆங்கிலத்தைவிடத் தமிழைத்தான் இது அதிகம் கெடுக்கும், ஏனென்றால் நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையும் 1366 × 768தான். அதை அந்த டிவியில் செருகினால் எக்செலில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. அதே வரிகள் பருத்துத் தெரியும், அவ்வளவுதான்.

ஏமாற்றம் நடக்கும் இடம் இது: விண்டோஸ் அமைப்பில் போய்ப் பார்த்தால் 1920 × 1080 என்று காட்டும். "பாருங்கள், ஃபுல் எச்டிதான்" என்று கடையிலும் காட்டுவார்கள். டிவி அந்த சிக்னலை வாங்கிக்கொள்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. உள்ளே வாங்கியதைச் சுருக்கித் தன் 768 வரிகளுக்குள் திணிக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறி வரும் சதுரங்கக் கட்டப் படம் ஒன்றைப் பெயின்ட் நிரலில் செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மடிக்கணினியை அந்த டிவியில் செருகி, படத்தை நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். விண்டோஸில் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் 'ஸ்கேலிங்' அமைப்பும் நூறில் இருக்க வேண்டும். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் புள்ளிக்குப் புள்ளி சரி. பாய் பின்னியது போல அலையும் பட்டையும் தெரிந்தால் உள்ளே சுருக்கல் நடக்கிறது.

ஏற்கெனவே வீட்டில் டிவி இருக்கிறது, அதையே பயன்படுத்துகிறோம் என்பவர்கள் மூன்று மாற்றங்கள் செய்யலாம். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போடுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வருவது அதனால்தான். மடிக்கணினியைச் செருகிய எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் செல்லும் கேபிள்) இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். நிற விவரத்தைச் சுருக்காமல் டிவி முழுதாகக் காட்டத் தொடங்கும், நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து கலங்குவது நிற்கும். மவுஸ் ஓர் இமைப்பொழுது பின்தங்கி வந்தால் 'கேம் மோட்' போடலாம்.

புதிதாக வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை 24 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை). பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். 27 இன்ச்தான் வேண்டும் என்றால் 2560 × 1440 புள்ளி உள்ளதாக எடுங்கள், செ.மீ.க்கு 43 புள்ளி வரும், இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து வைத்துப் படிக்கலாம். விலைதான் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 27 இன்சில் ஃபுல் எச்டி என்பது இரண்டுங்கெட்டான்: செ.மீ.க்கு 32 புள்ளிதான், 24 இன்சைவிட ஒரு வரியும் கூடுதலாகத் தெரியாது. கண்பார்வை சற்று மங்கலானவர் பெரிய எழுத்துக்காக வாங்கினால் தவறில்லை. 32 இன்ச் மானிட்டருக்கு 2560 × 1440 வேண்டும், மூன்றடி ஆழ மேசையும் வேண்டும். விடுதி மேசையில் வைத்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், படம் பார்க்க ஏற்றது. பக்கவாட்டில் நிறம் சற்று மாறும். அது இன்னும் அதிகமாக மாறும் டிஎன் பேனலைத் தவிர்க்கலாம். அட்டைப்பெட்டியின் மேல் உள்ள 'எச்டிஆர்', '1 எம்எஸ்', கோடிக்கணக்கில் கான்ட்ராஸ்ட் எல்லாம் இந்த விலையில் வெறும் அலங்காரம். வளைந்த திரையும் அப்படியே. வரியைப் பற்றியும் ஒரு சொல். 32 இன்சுக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. 32 இன்ச் வரை அதற்கு முன்பே 18தான். ஆகவே 24, 27 இன்சுக்கு 'வரி குறைப்புச் சலுகை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

வாங்கப் போகும் முன் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஃபுல் எச்டிக்குக் கவலையில்லை. பழைய கணினிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ வழியாக 1920 × 1200க்கு மேல் போகாது. அந்தக் கணினிக்கு 1440 வரித் திரை வாங்கினால் கொடுத்த காசு வீண். மாடல் எண்ணைப் போட்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்று எண்ண வேண்டாம். துளையின் அருகே 'டி' எழுத்துக்குள் 'பி' பொதிந்த டிஸ்ப்ளே போர்ட் குறியோ தண்டர்போல்ட் எனப்படும் மின்னல் குறியோ இருக்க வேண்டும், அல்லது கணினியின் விவரத் தாளில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். மதுரைக் கடைக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, நமக்கு உண்டு.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றில் உட்காரும் மானிட்டரின் சர்க்யூட் போர்டுக்குப் பெரும்பாலும் எந்தப் பூச்சும் கிடையாது. உப்புத்தூள் காற்றில் வந்து பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோரத்தில் இரவில் அது சாதாரணம். கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் உள்ள சில்லுகளின் பக்கத்துப் பக்கத்து உலோகக் கால்களுக்கு இடையே கசிவு ஏற்பட்டுச் செம்பு பச்சை பூக்கும். யாரும் தொடாமலே மெனு திறந்து மூடினால், சத்தம் தானாகக் கூடிக் குறைந்தால், பொத்தான் போர்டில் இந்தக் கசிவு என்று முதலில் சந்தேகப்படலாம். அதைச் சுத்தம் செய்து மீட்க வழி உண்டு. மேலிருந்து கீழாக மாறாத கோடு விழுந்தால் பெரும்பாலும் பேனலின் ஓர இணைப்பே போயிருக்கும். பேனல் மாற்றும் செலவில் புது மானிட்டரே வாங்கிவிடலாம்.

எச்டிஎம்ஐ பிளக்கை மாதம் ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெளி உலோகத்தில் வெள்ளைப் பொடியும் உள்ளே பொன்னிறப் பட்டைகளில் பச்சைப் புள்ளியும் தெரிந்தால், இரு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத மெல்லிய துணியால் துடையுங்கள். பஞ்சு நூல் உள்ளே சிக்கினால் அது வேறு தலைவலி. துரு நீக்கும் எண்ணெய் எதையும் அங்கே அடிக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கில் மணலும் உப்பும் இன்னும் நன்றாக ஒட்டும்.

திரையைத் துடைப்பதிலும் முறை இருக்கிறது. மேலே இருப்பது வெறும் தூசி இல்லை, உப்பும் மணலும். எடுத்தவுடன் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ளுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை வடிநீரில் லேசாக நனைத்து அழுத்தாமல் ஒத்தி எடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே போதும். போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்கும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் திரையின் மினுமினுப்புத் தடுப்புப் பூச்சைக் கெடுக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் காற்று நேராக வரும் சன்னலுக்கு எதிரே மானிட்டரை வைக்காதீர்கள். அணைத்ததும் பிளாஸ்டிக் உறை மாட்டும் பழக்கமும் வேண்டாம். சூடு ஆறிய பிறகு மெல்லிய வேட்டித் துணி போர்த்தினால் போதும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடும் மானிட்டர், மூடி வைத்ததைவிட அதிக நாள் இருக்கும், அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடும். நீண்ட விடுமுறைக்குப் பூட்டி வைப்பதானால் நன்கு காய்ந்த நிலையில் பிளாஸ்டிக் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வாயைக் கட்டிவிடலாம்.

மின்சாரத்துக்கு வருவோம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று பின்னால் அச்சிட்ட மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. அந்தக் காசை எர்த்துக்குச் செலவழியுங்கள். மணல் நிலத்தில் எர்த் குழி கோடையில் காய்ந்தால் வேலை செய்யாது. மடிக்கணினியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லாததால்தான். அந்த நிலையில் எச்டிஎம்ஐ செருகும்போது இரண்டு சாதனங்களுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் துளை வழியாகப் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடலாம். அதனால் இரண்டையும் ஒரே மூன்று முனை எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டி, சுவிட்சை அணைத்து, எச்டிஎம்ஐயைச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். எர்த்தைச் சோதிக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் மட்டும் போதாது, லோடு கொடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கோடு நெட் வயரையும் டிஷ் கேபிளையும் கழற்றுங்கள்; இடி அந்த வழியாகவும் வரும். மின்கட்டணப் பயம் வேண்டாம். 25 வாட் திரை தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்.

பழையது வாங்குபவர்கள் சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, அலுவலகங்களில் கழித்த 22, 24 இன்ச் மானிட்டர்கள் இங்கேயும் வருகின்றன. 1920 × 1200 புள்ளி உள்ள, உயரம் சற்றுக் கூடிய 16:10 திரை கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஃபுல் எச்டியைவிடக் கூடுதலான அந்த 120 வரி படிப்புக்குப் பெரிய உதவி. கையில் மடிக்கணினியும் சொந்தக் கேபிளும் கொண்டுபோய் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று முழுத்திரைப் படங்களைப் போட்டு ஓரம் மஞ்சளாகிறதா, புள்ளி செத்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக் கைப்பேசி கேமராவில் பாருங்கள், கறுப்புப் பட்டை ஓடினால் பின்விளக்கு துடிக்கிறது என்று பொருள், தலைவலிக்காரர்களுக்கு ஆகாது. போட்டவுடன் இரண்டு வினாடி படம் வந்து இருண்டுவிட்டால் அது பெரும்பாலும் பழைய டியூப் பின்விளக்கு வகை, அந்த விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் உள் இன்வெர்ட்டரோ போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடல் பக்கத்து வீட்டில் ஓடியதா என்று கேட்க வேண்டியதில்லை, பின்னால் உள்ள திருகுகளின் துருவே சொல்லிவிடும்.

புதியது என்றால் பின்பக்கத்தில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பாருங்கள். 'மூன்று வருடம் வீட்டுக்கே வந்து சர்வீஸ்' என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. 623526 போன்ற உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, நிறுவனத்தின் உதவி எண்ணிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியைப் பேருந்தில் கொண்டுவரும்போது நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப் போட்டு மேலே மூட்டை ஏற்றினால் பேனல் நசுங்கும், அதற்கு வாரண்டி கிடையாது.

கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. இன்ச் அளவை எழுதும் அதே பெரிய எழுத்தில் பேனலின் சொந்தப் புள்ளி எண்ணிக்கையையும் எழுதி ஒட்டுங்கள். விடுதி நிர்வாகங்களுக்கு இன்னொன்று: அறைகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தால் மட்டும் போதாது. கோடையில் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை எர்த்தைச் சோதித்து, அளவையும் தேதியையும் மெயின் போர்டு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கணினி, டிவி பழுது பார்ப்போர் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.