குறை லினக்ஸில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்பியில்லா ஹெட்செட் வாங்குவது பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, பேட்டரி, நிறம் எல்லாம் இருந்தன. விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்கு இணையவழியில் பாடம் சொல்லித் தருகிறேன். கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரமும் அதுதான். ஆகவே ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கினேன். என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகை. மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் பழகிய கை இது.

இணைப்பதில் சிரமமே இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன், விளக்கு மினுக்கியது, திரையில் பெயர் வந்தது, சொடுக்கினேன். பாட்டு கணீரென்று கேட்டது. ஆனால் வகுப்பைத் தொடங்கி மைக்கைத் திறந்ததும், பிள்ளைகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. விடை அறுபதா, எழுபதா என்று மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் காட்டினேன். "லினக்ஸ் என்றால் இப்படித்தான் சார். ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்றார். உரிமம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர்தான் தொலைபேசியில் விளக்கினார். இத்தகைய ஹெட்செட்டுகளில் ஒலி இரண்டு விதமாகச் செல்கிறது. ஏ2டிபி என்பது கேட்பதற்கு மட்டும். பெரும்பாலும் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரிகள் எடுப்பதால் இசை தெளிவாக வரும். மற்றது பேசவும் கேட்கவும் உரியது. பழைய தொலைபேசித் தரத்தில் நொடிக்கு 8,000, சற்று மேம்பட்டதில் 16,000. ஹெட்செட்டின் மைக்கைத் திறந்ததும் கணினி இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது. நம்பாமல், மருமகனின் விண்டோஸ் கணினியிலும் அதே ஹெட்செட்டை இணைத்துப் பார்த்தேன். அங்கும் அதே கிணறுதான்!

ஒலி அமைப்புகளில் உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும், வெளியீட்டுக்கு ஹெட்செட்டையும் தேர்ந்தெடுத்தேன். தீர்ந்தது. பேவுகன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால், எந்த விதத்தில் ஒலி ஓடுகிறது என்பதைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். மடிக்கணினி மைக் ரயில் சத்தத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவதால், வண்டி போகும் வரை வகுப்பை நிறுத்திவைக்கிறேன்.

ஹெட்செட் பெட்டியில் பாட்டின் துல்லியம் பற்றிப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மைக்கைத் திறந்தால் தரம் இறங்கும் என்பது பொடியெழுத்தில்கூட இல்லை. அடுத்த முறை தங்கள் கட்டுரையாளராவது இதை ஒரு பத்தியில் எழுதினால், ஐந்நூறு ரூபாயோடு கடைக்குப் போகவிருக்கும் சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.