பால் இருக்கிறது, குட்டிகள் எங்கே?

இந்த மாநிலத்தில் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2017-இல் வந்த விதிகளை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் சென்னை ரெட்டேரிப் பக்கம் மின்கம்பத்தில் கட்டிப் போட்டிருந்த ஒரு லேப்ரடாரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விடிய விடிய மழை கொட்டிய ராத்திரி அது. காலையில் நடக்கப் போன என் வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு போன் செய்தார். நீல நைலான் கயிறு, இரண்டு முடிச்சு. கழுத்துப் பட்டை கிடையாது. குரைக்கவில்லை, உறுமவில்லை. பக்கத்தில் போனால் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் பல்லைப் பார்த்து ஆறு, ஏழு வயது இருக்கும் என்றார். நகங்கள் வளைந்து பாதத்திலேயே குத்திக்கொண்டிருந்தன. நடக்கவிட்ட நாய்க்கு நகம் இப்படி வளராது. முழங்கை இரண்டிலும் மாட்டுக்குக் காய்ப்பது போலக் காய்த்திருந்தது. வயிற்றில் ஆபரேஷன் தழும்புகள் இரண்டு, ஒன்றை ஒட்டி இன்னொன்று. கடைசி மடி கல் மாதிரி வீங்கிக் கொதித்தது. அதற்கு முந்தைய காம்பை டாக்டர் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். பால் வந்தது.

"குட்டி போட்டு ஒரு மாசம் இருக்கும்மா" என்றார்.

"அப்போ குட்டிங்க எங்க சார்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப் இருக்கிறதா என்று பார்க்கும் ரீடரைக் கழுத்தில் வைத்துத் தேய்த்தார். இல்லை. யாருடைய நாய் என்று கண்டுபிடிக்க அதோடு வழி அடைபட்டது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது விதி. தாய் ஈன்று ஒரு மாதம்தான் ஆகிறது, அவளோ தெருவில் கிடக்கிறாள். குட்டிகள் அப்போதே கைமாறியிருக்க வேண்டும். மடி வீங்கிவிட்டது, வைத்தியம் பார்த்தால் செலவு, அடுத்த ஈற்றும் நிச்சயமில்லை என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். 2019-இல் எங்கள் வீட்டு லேப்ரடாரை ஒரே ஒரு முறை இணை சேர்த்தோம். அவளுக்கு மூன்று வயது முடிந்த பிறகு, இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்து, கடுவனின் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். சோதிக்காமல் சேர்த்தால் வலி குட்டிகளுக்குத்தான் போகும். 63 நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். ராத்திரி ஒரு மணிக்கு மூன்றாவது குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது, ஆபரேஷன். ஏழில் ஒன்று தங்கவில்லை. அப்புறம் எட்டு வாரம் பூச்சி மருந்து, கோழியும் சோறும், முதல் தடுப்பூசி, சிப், கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர். சமையலறை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் 64,300 ரூபாய். ஒரு குட்டியை நாங்களே வைத்துக்கொண்டோம். ஐந்தைத் தலா 12,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். கையை விட்டுப் போனது 4,300. நஷ்டம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை, அந்த ஐந்து வீடுகளோடும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான், "லேப் குட்டி 6,000, இன்றே டெலிவரி" என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த விலையில் எக்ஸ்ரே கிடையாது, எட்டு வாரச் சோறு கிடையாது, ஊசி கிடையாது. மிச்சப்பட்ட பணம் எல்லாம் கூண்டுக்குள் கிடக்கும் தாயின் உடம்பிலிருந்து எடுத்தது. வாங்கியவர் வீட்டில் நாலாம் நாள் குட்டி வாந்தி எடுக்கும், ரத்தமாகக் கழியும். பார்வோ வைரஸ் நோய் என்று டாக்டர் சொல்லும்போது விற்றவரின் நம்பர் அணைந்திருக்கும்.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். இனப்பெருக்கம் செய்பவரின் பதிவு எண் இல்லாமல் ஒரு குட்டிகூட விற்பனைக்கு வரக் கூடாது. விளம்பரத்தில் எண், ரசீதில் எண், குட்டியின் சிப்பில் எண்.

பதிவு செய்ய யாரும் வருவதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் வந்தேன். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கேட்டேன். "வீட்டு நாய்க்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கிருந்தவர் மறுபடி முதல் இடத்தைக் காட்டினார். கடைசியில் பதிவில்லாமல்தான் குட்டிகளைக் கொடுத்தேன். அதை மறைக்கவில்லை, அது என்னை உறுத்துகிறது.

இப்போது சென்னையில் உரிமம் எடுக்காமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம். சரி, வேண்டியதுதான், நானும் எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு பெட்டையை வருஷக்கணக்கில் கூண்டில் போட்டு ஈன வைத்துத் தெருவில் விட்டவர் பிடிபட்டால், 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். கடற்கரையில் ஒரு ஐஸ்கிரீம் விலை. வளர்ப்பவனைத் தேடி வீட்டுக்கு வரும் அரசு, விற்பவனைத் தேடிப் போகாதா? 2024-இல் மாநில அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, பக் போன்ற இனங்கள் நம் வெயிலுக்கு ஆகாது என்று சொன்னது. அது படித்தவர்கள் எழுதிய நல்ல கொள்கை. ஆனால் மே மாதத்தில் மூக்கு நசுங்கிய பக் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் காகிதம் எந்த வீட்டு வாசலையும் எட்டவில்லையே என்று ஆத்திரம் வருகிறது. வாங்குகிற நம் சனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தாயைக் காட்டு என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் தயவுசெய்து கேளுங்கள்.

பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பட்டியலை மாவட்ட வாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வையுங்கள். ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை எண்ணிப் பார்க்க வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு கால்நடை மருத்துவரை அந்தக் கூண்டுகளுக்கு அனுப்புங்கள். வாங்குபவர் கேட்கும்போது காட்ட ஓர் எண் இருக்கட்டும். பதிவு எண் இல்லாத குட்டி விற்பனைக்கு வரவே கூடாது.

அந்த நாய்க்குச் செல்லம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். மடி வற்றிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. மாடிப்படியில் கால் வைக்க இன்னும் பயப்படுகிறாள், படி என்பதையே பார்த்ததில்லை போல. பக்கத்து வீட்டுக் குழந்தை ராத்திரி அழுதால் எழுந்து போய்க் கதவோரம் நிற்கிறாள்.

நீல நைலான் கயிறு என்னிடம் இருக்கிறது. அன்று எடுத்த படங்களும் மருத்துவமனைச் சீட்டும் இருக்கின்றன. உங்களில் யார் விசாரிக்க வந்தாலும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவி